போதும் என்றார்

அந்த ஜன்னலோரத்தை விட்டுக் குடுத்தீங்களே, அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஜன்னல் இல்லைன்னா இவன் உக்கார மாட்டான். பயப்படாதீங்க, ஒன்னும் பண்ண மாட்டான். கையை இப்படி மூஞ்சிக்கு முன்னால ஆட்டிட்டே வருவான், அவ்வளவுதான். என்ற பையந்தான் இவன், தரணின்னு பேரு. இருபத்தேழு வயசு. ஆட்டிசம்னு டாக்டர் சொல்றாரு. ஊர்ல வேற வேற பேரு சொல்லுவாங்க, அதெல்லாம் இப்ப எதுக்கு.

நானும் கோவில்பட்டிதான் போறேன். இல்லீங்க, அங்க ஒறம்பரை யாரும் கிடையாது. நாங்க திருப்பூர்ப் பக்கம். வெடியக் கெளம்பி மதுரை வந்து இந்த பஸ்ஸைப் புடிச்சிருக்கேன். கோவில்பட்டிக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல ஒருத்தி இருக்கறா, செல்லக்கனின்னு பேரு. அவ பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் போறேன்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். தெய்வம் நின்னு கொல்லும்பாங்க. எனக்கு நின்னுட்டு இருக்க முடியாது, மூட்டு ஆபரேசன் பண்ணின காலு. அதான் நானே கெளம்பிட்டேன்.

விருதுநகர் வர எத்தனை நேரமாகும்? அப்ப சொல்லலாம். கேளுங்க.

இவங்கப்பா போயி ஆறு வருசமாச்சு. அதுக்கப்பறம் இவனுக்குக் குளிக்க வெக்கறது, சோறு போடறது, துணி மாத்தறது எல்லாம் நான் ஒருத்திதான். போன வருசம் ஆடி நோம்பி முடிஞ்சதும் காலு மடங்க மாட்டேன்னுருச்சு. ஆபரேசன் பண்ணி மூணு மாசம் படுக்கையில இருக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க. அந்த நேரம் பாத்து எம்பொண்ணுக்கும் கல்யாணம் கூடி வந்துச்சு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கோயமுத்தூரு, பெரிய எடம். இவனுக்கு மேளச்சத்தம் ஆகாதுங்க, காதைப் பொத்திட்டுக் கத்துவான். அதுக்காகத்தான் வெளியில விட வேண்டியதாப் போச்சு. வேற ஒன்னும் இல்லை. 'பொண்ணுக்கு அண்ணன் வெளியூர்ல இருக்கறான், வர முடியல'ன்னு சம்பந்தி ஊட்டுல சொன்னோம். பொய் இல்லையே. வெளியூர்லதான இருந்தான்?

இவனை மாதிரி ஆளுங்களை வெச்சுப் பாத்துக்கற காப்பகம். பேரைச் சொல்ல மாட்டேன். இப்ப அதுக்குப் பேரே கிடையாது, போர்டை நான் கழட்ட வெச்சுட்டேன். அதைப் பொறகு சொல்றேன்.

அதுக்கு முன்னால ரெண்டு எடத்துல கேட்டேன். பேசத் தெரியாதவங்களைப் பாத்துக்க ஆள் இல்லைன்னு ரெண்டு எடத்துலயும் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவதுதான் இது. நிர்வாகி நல்ல மனுசன், நெத்தி நெறைய விபூதி, வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா'ன்னுதான் பேசுவாரு. 'தம்பி தனக்கு வேணுங்கறதைச் சொல்லிக்குவாருங்களா அம்மா?'ன்னு கேட்டாரு. இங்கயும் போச்சுன்னு நெனச்சேன். மேசை மேல பிஸ்கட் தட்டு இருந்துச்சு. இவன் ஒரு பிஸ்கட்டைத் தின்னுபோட்டு, அந்தத் தட்டைப் பாத்துட்டே 'போதுமா'ன்னான்.

இங்க ஒரு விவரம் சொல்லோணும். சின்னதுல இருந்து நான் சோறு போட்டுப்போட்டு 'போதுமா சாமி, போதுமா'ன்னு கேப்பேன். கேட்டுட்டே இன்னொரு கரண்டி வெப்பேன். அந்த வார்த்தை இவன் வாயில அப்படியே ஒட்டிக்கிச்சு. பசிச்சா 'போதுமா'ம்பான். தட்டு காலியானா 'போதுமா'ம்பான். இவனுக்குப் 'போதுமா'ன்னா 'இன்னும் வையி'ன்னு அர்த்தம். எங்க ஊட்டுல பக்கத்து ஊட்டுக் கொழந்தைக்குக்கூட அது தெரியும்.

நான் சட்டுனு சொன்னேன், 'பாருங்க சார், ஒரு பிஸ்கட்டோட போதும்ங்கறான். வயிறு நெறஞ்சா அவனே சொல்லிப்போடுவான்'னு. அவரும் சந்தோசமா ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு. நான் கீழ கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்துக்கு எனக்கு அப்படி ஒரு புத்தி வந்துச்சு பாருங்க! இல்லைன்னா அங்கயும் கதவைச் சாத்தியிருப்பாங்க. விவரத்தைப் பொறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன். கல்யாண வேலைல எங்கீங்க நேரம்?

போய்ப் பாக்கலையான்னா கேக்கறீங்க? மொத மூணு மாசம் வந்தா ஏங்கிப் போயிருவாங்கம்மான்னு அவரே சொன்னாரு. அப்பறம் காலு. அப்பறம் கல்யாணம். அப்பறம் மறுவூடு, தல தீவாளி, பொங்கச்சீரு. போன்ல கேப்பேன், 'நல்லா இருக்காருங்கம்மா'ம்பாங்க. பெத்தவ மனசு கேக்குமா? ஏழு மாசம் கழிச்சு ஓடுனேன்.

அக்கா, எனக்கு இவனை அடையாளம் தெரியலைங்க.

அறுபத்தெட்டு கிலோ இருந்த பையன் நாப்பத்தொம்பது கிலோ. போட்டிருந்த சட்டை இவனுதில்லை. காலர்ல மையில பதினாலுன்னு எழுதியிருக்கு. முப்பத்திரண்டு பேருக்கு ஒரே கூடம். பாத்துக்க மூணு பேரு, அதுல ஒருத்தி சமையலுக்கு. காலைல இருந்து டிவி ஓடுது, ஒருத்தரும் அதைப் பாக்கலை, சொவத்தைப் பாத்து உக்காந்திருக்காங்க. சாப்பாட்டு மணி அடிச்சா இருபது நிமிசம், அதுக்குள்ள தின்னா உண்டு, இல்லைன்னா தட்டை எடுத்துட்டுப் போயிருவாங்க.

ஆளுக்கொரு நோட்டு போட்டு வெச்சிருந்தாங்க. எடுத்துப் பாத்தேன். 'காலை இரண்டு இட்லி. போதும் என்றார்.' 'மதியம் ஒரு கரண்டி சாதம். போதும் என்றார்.' 'இரவு ஒரு சப்பாத்தி. போதும் என்றார்.' பக்கம் பக்கமா அதேதான். பொங்கலன்னைக்கு என்ன எழுதியிருக்குன்னு தேடிப் பாத்தேன். 'சர்க்கரைப் பொங்கல். போதும் என்றார்.'

என்ற கொழந்தை பசிக்குது பசிக்குதுன்னு ஏழு மாசம் கேட்டிருக்கான். இவனுக போதும் போதும்னு எழுதிட்டு இருந்திருக்கானுக. இதைவிட அக்கிரமம் உண்டுங்களா? ஒரு வார்த்தையைக் காது குடுத்துக் கேக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க காப்பகம்? அன்னைக்கு அந்தக் கூடத்துல நின்னுட்டே சொன்னேன், உங்க அத்தனை பேரையும் தெருவுல நிறுத்தாம விடமாட்டேன்னு. வாய்ல வந்ததெல்லாம் சொன்னேன். அந்த நோட்டையும் எடுத்துட்டு, இவனை அன்னைக்கே ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

விருதுநகர் வந்துருச்சா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

திங்கக்கெழமை திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். இந்தக் காலை இழுத்துட்டு ஒம்பது திங்கக்கெழமை. அந்த நோட்டையும் மனுவோட குடுத்தேன். அதுல மொதப் பக்கத்தை மட்டும் காணோம். பழைய நோட்டு, கிழியத்தான் செய்யும். அதிகாரிங்க வந்து பாத்தாங்க, பூட்டி சீல் வெச்சாங்க. போர்டைக் கழட்டற அன்னைக்கு எதுத்தாப்புல கடையில நின்னு பாத்துட்டே ஒரு காப்பி குடிச்சேன். அப்படி ஒரு காப்பி என்ற ஆயுசுல குடிச்சதில்லைங்க.

மத்தவங்களா? பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. ஏழெட்டுப் பேருக்கு யாரும் வரலை, வேன்ல ஏத்தி எங்கயோ அனுப்புனாங்க. ஒரு பொண்ணு, நாப்பது வயசிருக்கும், கேட்டுக் கம்பியைப் புடிச்சுட்டு விடவே இல்லை. விரலை ஒன்னொன்னாப் பிரிச்சுத்தான் ஏத்துனாங்க. அதுக்கு நான் என்னங்க பண்றது? என்ற மனு என்ற பையனைப் பத்தினது.

நிர்வாகியா? அவரு மேல எனக்கு அவ்வளவாக் கோவமில்லை. நான் மனுக் குடுக்கறது தெரிஞ்சதும் ஊடு தேடி வந்தாருங்க, ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் வாங்கிட்டு. கும்பிட்டுட்டே நின்னாரு. 'நாங்க சேவை பண்றவங்கம்மா, எங்களையே ஒரு ஊழியர் ஏமாத்திட்டாங்க'ன்னு சொல்லி, போன்ல ஒரு வீடியோ காட்டி, எனக்கும் அனுப்பி வெச்சாரு. அப்பத்தான் எனக்கு ஆணிவேர் எதுன்னு புரிஞ்சுது. மரியாதை தெரிஞ்ச மனுசன். இப்ப வேற பக்கம் வேற பேருல தொறந்திருக்காராம். பொழச்சுப் போறாரு.

அந்த வீடியோல இருந்தவதான் செல்லக்கனி. உங்க பக்கத்து ஆளு. அங்க ஆயா வேலை பாத்தவ. சமையக்கட்டுக்குப் பொறத்தால, துணி தொவைக்கற கல்லுகிட்ட இவனை உக்கார வெச்சிருக்கா. முன்னால குத்த வெச்சு உக்காந்து அவளோட சொந்தப் போசியில, சோறு கொண்டார்ற தூக்குச்சட்டியில இருந்து சோத்தை உருட்டி இவன் வாயில திணிக்கறா. எச்சச்சோறுங்க! அவ தின்னு மிச்சம் வெச்சதை என்ற பையனுக்குப் போட்டிருக்கா. தாடையை ஒரு கையில புடிச்சுட்டு என்ன சொல்றா தெரியுமா? 'ஏலே, வாயைத் தொறலே. இன்னும் ஒரு வாய் திங்கியாலே'ங்கறா.

ஏலே!

எங்க பக்கம் பிச்சை எடுக்க வர்றவங்களைக்கூட வாங்க போங்கன்னுதான் சொல்லுவோம். பெத்த கொழந்தையைச் சாமின்னுதான் கூப்புடுவோம். ஒரு நாள் இவனை நான் 'டேய்'னு சொன்னதில்லை. அவ யாருங்க என்ற மவனை ஏலேங்கறதுக்கு? மனுல அதைத்தான் மொதல்ல எழுதுனேன். 'ஏலே என்று இழிவாகத் திட்டி, எச்சில் உணவை வலுக்கட்டாயமாகத் திணித்தார்.' அதிகாரியம்மா படிச்சுப்போட்டுத் தலையத் தலைய ஆட்டுனாங்க.

விசாரணைல அவளையும் நிறுத்துனாங்க. அப்பவும் திமிரு போகலை. 'போதுமான்னு அவன் கேக்கும்போது கண்ணு தட்டுலல்லா இருக்கும். வயிறு நெறஞ்சவன் தட்டைப் பாப்பானாம்மா? நிர்வாகி ஐயாட்ட சொன்னேன், பெத்தவங்களே எழுதிக் குடுத்திருக்காவ, உன் வேலையைப் பாருன்னுட்டாரு. நான் என்ன செய்ய, எனக்குக் கொண்டாந்ததைக் குடுத்தேன்'னு சொல்றா. எனக்குப் பாடம் எடுக்கறா, பாத்துக்குங்க! இருபத்தேழு வருசம் வளத்த எனக்கு! அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவளை மட்டும் விடக்கூடாதுன்னு. வேலையை விட்டுத் தூக்குனாங்க. எனக்கு அது பத்தலை. இப்ப ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமையலுக்கு நிக்கறாளாம். விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கொழந்தைங்களுக்குச் சோறு போடறாளாம், இவ!

இந்தப் பையில மனு இருக்கு, நாலு பக்கம். வீடியோ போன்ல இருக்கு. தலைமையாசிரியரம்மா கையில குடுத்துட்டு, இவனை முன்னால நிறுத்தி, பாருங்க இவ வேலையன்னு சொல்லப்போறேன். ஊரு கூடட்டும். உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சே ஆகோணும்.

இல்லீங்க, ஊட்டுக்கு வந்தப்பறமும் ஒடம்பு தேறலை. அஞ்சு மாசமாச்சு. இப்ப நாப்பத்தேழு கிலோ. ஆமாங்க, இன்னும் ரெண்டு கொறஞ்சிருக்கு. அங்க வெச்ச பயம் போகலைன்னு நெனைக்கறேன். என்ன கூத்துன்னா, இவன் 'போதுமா'வையே மறந்துட்டான். தட்டை வெச்சா என்னைப் பாக்க மாட்டான், 'இன்னும் ஒரு வாய் திங்கியாலே'ம்பான். அவளாட்டமே இழுத்துச் சொல்லுவான். எனக்கு எப்படி இருக்கும்? என்ற ஊட்டுக்குள்ள, என்ற தட்டு முன்னால, அவ பேச்சு! நானும் விடறதில்லை. 'அப்படிச் சொல்லக்கூடாது சாமி, போதுமான்னு சொல்லு, அம்மா வெக்கறேன்'ம்பேன். சொல்ற வரைக்கும் கரண்டியைக் கையில வெச்சுட்டே நிப்பேன். சில நாள் சோறு ஆறிப்போகும். எந்திரிச்சுப் போயிருவான். என்ன பண்றது, ஒரு கெட்ட பழக்கத்தை மறக்கடிக்கறதுன்னா கொஞ்சம் பல்லைக் கடிச்சுட்டுத்தான் இருக்கோணும். இன்னைக்கும் வெடிய இருந்து ஒன்னும் திங்கலை. தயிர் சோறு போசியில அப்படியே இருக்கு.

உங்க போனு அடிக்குது பாருங்க. பேசுங்க, பேசுங்க.

யாருங்க, பையனா? காலேஜ்ல படிக்கறானா. நல்லது. ஏனுங்க்கா, இப்ப அவனை என்னன்னு கூப்புட்டீங்க? இல்லை, போனை எடுத்ததும். 'என்னலே, சாப்டியாலே'ன்னீங்க. சிரிச்சுட்டே சொன்னீங்க. கோவத்துல இல்லையா? செல்லத்துக்கா? பெத்த மவனை அப்படியா கொஞ்சுவீங்க?

சரி, உங்க ஊட்டுல அப்படி இருக்கலாம். அவளும் அப்படித்தான் சொன்னாள்னு எப்படிங்க சொல்றது? நீங்க அந்த வீடியோவைப் பாக்கலை. பாக்கறீங்களா? இந்தாங்க. சத்தத்தை வெச்சுப் பாருங்க.

எதுக்குங்க கண்ணைத் தொடைக்கறீங்க?

மூடி போட்ட போசியா? எங்க? ஆமா, பக்கத்துல மூடி இருக்கு. அவ அப்பத்தான் தொறந்திருக்காங்கறீங்க. முழுசா இருக்குங்கறீங்க. இருக்கட்டுமே! அதுக்கு என்ன இப்ப? நீங்க உங்க ஊரு ஆளுக்குத்தான் பேசுவீங்க.

சித்தெ இருங்க. அக்கா, இவனைப் பாருங்க. கையாட்டறதை நிறுத்திட்டான். உங்களையே பாக்கறான். இவன் யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டானே! கேட்டீங்களா, அதையே சொல்றான். அந்த எழவெடுத்த வார்த்தையத்தான். நீங்க ஒன்னும் சொல்லாதீங்க. சொல்லாதீங்கன்னு சொல்றேன்ல...

ஐயோ, வாயைத் தொறக்கறான்.

போசி, போசி. அந்த மஞ்சப் பைக்குள்ள. சீக்கிரம் எடுங்க. நீங்களே குடுங்கக்கா, நான் குடுத்தா மூடிக்குவான். கையிலதான், கரண்டியெல்லாம் வேண்டாம். இன்னொருக்கா சொல்லுங்க, அதையே சொல்லுங்க. ஆங். முழுங்கறான். இன்னொரு வாய். மாங்காத் துண்டு கீழ இருக்கும், அதையும் வெச்சுக் குடுங்க. இவனுக்குப் புடிக்கும்.

எத்தனை நாளாச்சு இப்படித் தின்னு. ஏனுங்க, மெல்ல, மெல்ல. கண்ணு எங்க பாக்குதுன்னு பாருங்க. போசியத்தான் பாக்குது.

மடியில சிந்துது. பையில ஏதாச்சும் பேப்பர் இருக்கான்னு பாருங்க, விரிச்சுக்கலாம். அது இல்லீங்க! மடிச்சு வெச்சிருக்கறது வேண்டாம், அதை உள்ள வையுங்க. வையுங்கன்னு சொல்றேன்.

படிச்சுட்டீங்களா.

ஆமாங்க. அந்த நோட்டோட மொதப் பக்கந்தான். 'தாயார் கூறியது: வயிறு நிறைந்தால் போதும் என்று சொல்லிவிடுவார்.' கீழ இருக்கறது என்ற கையெழுத்துத்தான். பேரு தெளிவாத் தெரியுதில்லீங்களா, நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. கிழிச்சேன், எரிக்க முடியலை. அடுப்புகிட்ட ரெண்டு மூணு தரம் கொண்டு போனேன். அப்படியே திருப்பிக் கொண்டாந்து வெச்சுக்கிட்டேன். ஏன்னு கேக்காதீங்க.

அந்த மனுவை எடுத்து இவன் மடியில விரிங்க. நாலு பக்கமும் விரிங்க, அகலமா இருக்கும்.

எறங்கத்தான் போறேன். திரும்பிப் போயிருவேன்னு நெனைக்காதீங்க. அவளை நான் விடப்போறதில்லை. அவ ஊட்டு வாசல்ல போய் இவனைக் கூட்டிட்டு உக்காந்துக்குவேன். திட்டட்டும், கதவைச் சாத்தட்டும், நான் நகர மாட்டேன். என்ற பையன் வாயில இருந்து என்ற வார்த்தையை எடுத்துட்டு உன் வார்த்தையை வெச்சவ நீதான, நீயே சோறு போடுன்னு சொல்லுவேன். இவன் மறுபடியும் அறுபத்தெட்டு கிலோ ஆகற வரைக்கும் அவ தெனமும் இவனுக்கு உருட்டிக் குடுக்கோணும். அதான் அவளுக்கு நான் குடுக்கற தண்டனை. இந்த மொதப் பக்கத்தைக் காட்டுடின்னு அவ கேட்டாள்னா காட்டுவேன். கேக்காம இருந்தா... கேக்கட்டும், பாத்துக்கலாம்.

சாத்தூரும் தாண்டியாச்சா? போசி காலி. இன்னும் வாயைத் தொறந்துட்டே இருக்கான் பாருங்க. இருடா சாமி, இரு. எறங்குனதும் போயிருவோம்.

ஏனுங்க்கா, எறங்கறதுக்குள்ள எனக்கும் ஒருக்காச் சொல்லிக் குடுங்க. 'திங்கியாலே'வா, 'திங்கறியாலே'வா? கடைசியில எந்தளவுக்கு இழுக்கோணும்? தப்பாச் சொன்னா இவன் வாயை மூடிக்குவான்.